ஃபேன்டஸி டிராஃப்டில் ரேட்டிங்குக்கு முன்னால் சம்பளத்தைப் பாருங்கள்

ஒருவழியாக டிராஃப்ட் முடிந்தது. லீக் ஃபைல் இப்போது மூன்று பேர் கையில் பத்திரமாக இருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிற நண்பர்கள் சேர்ந்து பாஸ்கெட்பால் ஜிஎம் என்ற, கூடைப்பந்து அணியை மேலாளராக நடத்தும் பிரவுசர் விளையாட்டில் ஃபேன்டஸி டிராஃப்ட் (எல்லா ஆட்டக்காரர்களையும் பொதுவில் போட்டு, அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பது) நடத்துவது நியாயமாகப் பார்த்தால் ஒரு மாலை நேர வேலை. அது இவ்வளவு இழுத்ததற்குக் காரணம் விளையாட்டு இல்லை. அதனால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இதே வேலையில் இறங்குகிறவர்களாவது தப்பிக்கட்டும்.

லீக் தொடங்குவது, மல்டி டீம் மோடைப் போட்டு ஆளுக்கொரு அணியைப் பிரித்துக்கொள்வது எல்லாம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அணிகள் 30. எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே பட்டியலுக்கு வந்துவிடுவார்கள். தேர்வு வரிசையைக் குலுக்கலில் விளையாட்டே போட்டுக்கொடுக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த விளையாட்டு லீக்கை உங்கள் கணக்கில் வைப்பதில்லை. எந்தக் கருவியில் விளையாடுகிறீர்களோ அதன் பிரவுசருக்குள்தான் வைக்கிறது. கணக்கில் உள்நுழைந்திருந்தாலும் இதே நிலைதான், லீக் வேறு கணினிக்குக் கூடவே வராது. எல்லோரும் ஒரே திரை முன் உட்காரலாம் என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு நெட் சென்டரில் டிராஃப்டை ஆரம்பித்தோம். நடுச் சுற்றில் கரன்ட் போனது. கரன்ட் போனதால் மட்டும் இந்த விளையாட்டில் எதுவும் அழியாது, ஒவ்வொரு தேர்வையும் அது உடனுக்குடன் சேமித்துவிடும். ஆனால் பல நெட் சென்டர் கணினிகளில், மறுபடி ஆன் செய்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் இருக்கும். பிரவுசர் துடைத்துவைத்த மாதிரி வந்து நின்றது.

அதற்குச் சற்று முன்புதான் கவுன்டரில் கேட்டிருந்தோம். "அண்ணே, ஒரே ஒரு ஃபைல், பென் டிரைவ்ல ஏத்திக்கிறோம்."

"பென் டிரைவ்லாம் இங்க போடக் கூடாதுப்பா."

"மெயில்லயாவது அனுப்பிக்கட்டுமாண்ணே?"

"டவுன்லோடே பிளாக் பண்ணிருக்கு. விளையாடுறதுன்னா விளையாடு."

மறுபடி ஆன் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்ற ஒரு வார்த்தையை அப்போதே சொல்லியிருக்கலாம். மணிக் கணக்குக்கு வாங்கிய காசு மட்டும் குறையவில்லை. எனவே சொந்த லேப்டாப், அல்லது சொந்த போன். போனிலும் ஒரு கண்ணி உண்டு: இடம் காலி செய்கிறேன் என்று வரும் கிளீனர் செயலிகள் பிரவுசர் தரவைத் துடைத்தால் லீக்கும் அதோடு போகும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை எக்ஸ்போர்ட் (லீக்கை ஒரு ஃபைலாக வெளியே எடுப்பது) கொடுத்து, அந்த ஃபைலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். எந்த இடத்தில் விட்டாலும் அதிலிருந்து தொடரலாம்.

இன்னொன்று, டிராஃப்ட் பக்கத்தில் 'உங்கள் அடுத்த தேர்வு வரை ஓட்டு' என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'டிராஃப்ட் முடியும் வரை ஓட்டு' என்பதும் இருக்கிறது. சின்னத் திரையில் விரல் மாறிப் பட்டால் மிச்ச அணி முழுவதையும் கணினியே எடுத்துவிடும். திரும்பப் பெற வழி கிடையாது. எக்ஸ்போர்ட் எடுத்துவைத்த ஃபைல்தான் அப்போது கைகொடுக்கும்.

இனி தேர்வு. வரிசை பாம்பு மாதிரி வளைந்து போகும். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாவது சுற்றில் முதலில் எடுப்பார். குலுக்கலில் 1 விழுந்தவருக்கு 1, 60, 61, 120, 121. 30 விழுந்தவருக்கு 30, 31, 90, 91. நடுவில் 15 விழுந்தவருக்கு 15, 46, 75, 106. ஓரத்தில் இருப்பவர் இரண்டு பேரை அடுத்தடுத்து எடுக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு 58 பேர் போகும்வரை காத்திருக்க வேண்டும். அவர் 'இந்த வகை ஆள் அடுத்த முறை கிடைப்பான்' என்று நம்பவே கூடாது, கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். நடுவில் இருப்பவருக்கு இடைவெளி எப்போதும் முப்பதை ஒட்டியே இருப்பதால் பொறுமையாக ஆடலாம். விளையாட்டில் தேர்வுக்கு நேரக் கெடு கிடையாது. குழுவாக ஆடும்போது நீங்களே இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளாவிட்டால் விடிந்துவிடும். வேண்டியவர்களை முன்கூட்டியே வாட்ச் லிஸ்டில் கொடி போட்டு வைத்திருந்தால் இரண்டு நிமிடம் தாராளம்.

ஓவரால் என்பது ஆட்டக்காரனின் மொத்தத் திறனுக்கான ரேட்டிங். அந்த எண்ணைப் படிக்கும் விதம்: 45 என்றால் சராசரி, 60-களில் இருப்பவன் நட்சத்திரம், 70-ஐத் தாண்டியவன் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) போட்டியில் இருப்பவன். அணியின் பலத்தைக் கணக்கிடும்போது முதல் பத்து ஆட்டக்காரர்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் ஆளுக்கு அதிக எடை, கீழே போகப்போகக் குறையும். அதனால் 50-களில் ஐந்து பேரைச் சேர்ப்பதைவிட 70-ஐத் தாண்டிய ஒருவன் மேல். முதல் சுற்றில் யோசிக்கவே வேண்டாம், இருப்பதிலேயே பெரிய ஆளை எடுங்கள்.

இரண்டாவது சுற்றிலிருந்துதான் வினை ஆரம்பிக்கும். ஆட்டக்காரன் வரும்போது அவனுடைய பழைய ஒப்பந்தமும் கூடவே வரும். பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரே ஆளுக்கான உச்சவரம்புச் சம்பளமே அணியின் மொத்தச் சம்பள வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. அப்படி மூன்று பேரை எடுத்தால் அதோடு வரம்பு தீர்ந்தது, மிச்சப் பேர் எல்லாம் வரம்புக்கு மேல்தான். மேலே போனவர் குறைந்தபட்சச் சம்பளக்காரரைத்தான் வெளியிலிருந்து சேர்க்க முடியும். டிரேடிலும் (வேறு அணியோடு ஆள் மாற்றிக்கொள்வதிலும்) கொடுக்கிற சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வாங்க முடியும். அதையும் தாண்டி லக்சுரி வரிக் கோட்டைக் கடந்தால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை டாலர் வரி. ஒரு கோடி டாலர் தாண்டினால் ஒன்றரைக் கோடி போகும், பிளேஆஃப் முடிந்ததும் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். சரி, வேண்டாதவனை நீக்கிவிடலாமே என்றால், நீக்கினாலும் ஒப்பந்தம் முடியும்வரை அவன் சம்பளம் உங்கள் கணக்கில்தான் நிற்கும். எங்கள் குழுவில் முதல் நான்கு சுற்றில் எல்லோரும் வாயைப் பிளக்கும்படி அணி சேர்த்தவருக்கு சீசன் தொடங்கும் முன்பே கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஆகவே ஓவரால் 60 உள்ளவன் உச்சச் சம்பளத்தில் இருக்கிறான், 57 உள்ளவன் குறைந்த சம்பள ரூக்கி (புதுமுக) ஒப்பந்தத்தில் இருக்கிறான் என்றால் எனக்கு 57தான். ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் பாருங்கள். அதிகச் சம்பளம் என்றால் இந்த ஆண்டோடு முடிவது நல்லது, குறைந்த சம்பளம் என்றால் நீண்டது நல்லது. இந்த ஒரே விதியில்தான் ஆறாவது சுற்றிலிருந்து பத்தாவது சுற்று வரை நான் விரும்பிய அத்தனை பேரும் கிடைத்தார்கள்.

வயது விஷயம் குழு எத்தனை சீசன் ஆடப்போகிறது என்பதைப் பொறுத்தது, அதை முதலிலேயே பேசிவிடுங்கள். மூன்று சீசன்தான் என்றால் 25 முதல் 28 வரை. நீண்ட லீக் என்றால் 20, 21 வயதில் பொட்டென்ஷியல் (இனி எட்டக்கூடிய திறன்) உயர்ந்தவர்கள். ஆனால் பொட்டென்ஷியல் என்பது மதிப்பீடுதான், வாக்குறுதி இல்லை; 19 வயதுக்காரன் எகிறவும் செய்வான், அப்படியே நின்றும்போவான். முப்பதைத் தாண்டியவர்களில் வேகமும் தாவலும்தான் முதலில் இறங்கும், வீச்சும் ஆட்ட அறிவும் தாக்குப்பிடிக்கும். கடைசிச் சுற்றுகளில் 32 வயதில் மூன்று புள்ளி வீச்சு நன்றாக உள்ளவன் கிடைத்தால் விடாதீர்கள், முதல் சீசனுக்கு அவன் போதும்.

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்துகள் அலங்காரம் இல்லை. 3 என்றால் மூன்று புள்ளி வீச்சு, பி என்றால் பந்தைக் கையாள்பவன், பிஎஸ் பாஸ், டிஐ உள்ளே தடுப்பவன், டிபி வெளியே தடுப்பவன், ஆர் ரீபவுண்ட். களத்தில் நிற்கும் ஐந்து பேரிடம் இவை கலந்திருந்தால் அணிக்குத் தனி ஊக்கம் உண்டு. ஒரே எழுத்து மூன்று, நான்கு பேரிடம் இருந்தால் பலன் குறைந்துகொண்டே போகும். நான் குறிவைத்தது ஐவரில் இரண்டு 3, ஒரு பி, ஒரு பிஎஸ், ஒரு டிஐ, ஒரு ஆர். ஒரே ஆளிடம் இரண்டு எழுத்து இருந்தால் இடம் மிச்சம். உயரத்துக்கு ஓவராலில் எடை அதிகம் என்பதால் பட்டியலின் மேலே நெட்டையர்களாகவே தெரிவார்கள். அந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டு போனவருக்கு பந்தைக் கொண்டுபோக ஆளே இல்லை. பெரம்பூரில் ஐசிஎஃப் பக்கம் நிஜப் பந்து ஆடுகிற நண்பர் மட்டும் இரண்டாவது சுற்றிலேயே பி, பிஎஸ் இரண்டும் உள்ள ஒருவனை எடுத்தார். அவர் கணக்கு சரி.

அணி 15 பேரைத் தாண்டினால் அடுத்த ஆட்டத்துக்கே போக விடாது. டிராஃப்ட் முடிந்ததும் வெளியில் நல்ல ஆள் தெரிகிறான் என்று சேர்க்கும்போது இதை எண்ணிக்கொள்ளுங்கள்.

அணி சரியாக அமையவில்லை என்றால் வேண்டுமென்றே தோற்று புதுமுகங்களை எடுக்கும் அடுத்த வருடாந்தர டிராஃப்டில் முதல் ஆளைப் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 2019-இல் மாற்றிய, தேர்வு வரிசைக்கான லாட்டரி முறைதான் இங்கும் இயல்பாக இருக்கிறது: கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு ஒரே அளவு, 14 சதவீதம். முப்பதாவதாக வந்தாலும் இருபத்தெட்டாவதாக வந்தாலும் ஒன்றுதான். அதற்காக ஒரு சீசனைத் தொலைக்காதீர்கள். முதல் சுற்றில் எடுக்கும் ரூக்கிக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம், இரண்டாவது சுற்றுக்கு இரண்டு. சம்பளம் குறைவு, வரம்பைத் தாண்டியிருந்தாலும் கையெழுத்து வாங்கலாம். அதனால் டிரேடில் உங்கள் முதல் சுற்றுத் தேர்வை யாராவது கேட்டால் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், பதிலுக்குக் குறைந்த சம்பளத்தில் 55-க்கு மேல் உள்ளவனைக் கேளுங்கள்.