வெங்காயப் பையும் 15 மீற்றர் கயிறும்

கனடாவில், ஒன்ராறியோவின் அல்கோன்குவின் பூங்காவில் கனூ ஏரியிலிருந்து வடக்கே போகிறவர்கள் முதலில் கரையேற வேண்டிய இடம், ஜோ ஏரி அணைக்கட்டின் அருகிலுள்ள போர்ட்டேஜ். ஏறத்தாழ 300 மீற்றர் நீளமுள்ள அந்தப் பாதையில் கனூ என்னும் சிறு துடுப்புப் படகையும் மூட்டைகளையும் காவிக்கொண்டு நடந்து, மறுபக்கத்தில் மீண்டும் தண்ணீரில் இறங்க வேண்டும். பாதை அகலமானது, கடினமான ஏற்றமும் கிடையாது. ஆயினும் எங்கள் முதற் பயணத்தில் அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. துடுப்புகள் ஒரு கையில், தண்ணீர்ப் போத்தல் மறு கையில், வரைபடம் கக்கத்தில் என்று நான்கு தடவை போய்வந்தோம். மாலையில் கூடாரம் அடித்த பிறகுதான் மகளின் மழையங்கி அந்த இறங்குதுறையிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. அன்றிரவு மழை பெய்தது.

கனூப் பயணத்தில் பொருட்கள் தொலைவதும் நனைவதும் பெரும்பாலும் ஏரியின் நடுவில் நிகழ்வதில்லை. தண்ணீரிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து தண்ணீருக்கும் மாறும் அந்தச் சில நிமிடங்களில்தான் நிகழ்கின்றன. அந்த மழைக்குப் பின்னர் நான் சேர்த்துவந்த சிறு பொருட்களில் அதிகமானவை அந்த நிமிடங்களுக்கானவை. அவற்றுட் பல வீட்டில் எறிய வைத்திருந்தவை. காட்டு முகாமுக்குப் புதிதாகப் போக விரும்பும் நம்மவர்கள் பலர் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கூடாரம் வாங்கலாம் என்பதுதான். கூடாரத்தை வாடகைக்கும் எடுக்கலாம். கீழே எழுதுபவற்றை வாடகைக்குத் தர யாரும் இல்லை.

முதலாவது, மீள்தன்மையுள்ள மெல்லிய நாடா, அதாவது றப்பர் உள்ளோடிய கயிறு. கனூவின் குறுக்குத் தடிகளில் சிறு துளையிட்டோ, துளையிடாமல் சுற்றி முடிந்தோ, இரண்டு மூன்று வளையங்களை நிரந்தரமாக அமைத்துவிட்டால் வரைபட உறை, போத்தல், தொப்பி எல்லாவற்றுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும். கரையேறியதும் இரண்டு துடுப்புகளையும் அதே வளையங்களுக்குள் நீளவாக்கில் செருகிவிடலாம். அதன் பிறகு கனூவைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கும்போது துடுப்புகளும் அதனுடனேயே வந்துவிடுகின்றன. கனூவின் நடுத் தடி தோளில் பொருந்தும்படி நுகம்போல் வளைத்துச் செதுக்கப்பட்டிருக்கும். உயிர்காப்பு அங்கியை அணிந்தபடியே தூக்கினால் அதன் தோட்பட்டைகள் அந்த நுகத்துக்கு மெத்தையாகவும் அமையும். கெவ்லார் என்னும் பாரமில்லாத, உறுதியான இழையால் செய்த கனூ 20 கிலோ அளவில் இருக்கும் என்பதால் பழகிய ஒருவர் அதைத் தனியே காவலாம். நான்கு நடையாக இருந்தது எங்களுக்கு இரண்டு நடையாகக் குறைந்ததற்குக் காரணம் உடல்வலிமை கூடியது அன்று. கையில் எதையும் பிடித்துக்கொண்டு நடப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

கத்தி, கரண்டி, திசைகாட்டி, விளக்கு ஆகிய சிறிய பொருட்கள் ஒவ்வொன்றிலும் ஒரு முழம் செம்மஞ்சள் நாடாவை முடிந்திருக்கிறேன். பைன் ஊசிகள் உதிர்ந்து கிடக்கும் தரையில் பச்சை நிறக் கத்தியைத் தேடுவது எத்தனை கடினம் என்பதை ஒரு தடவை தேடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூங்காவில் முகாமிடும் இடங்களைக் காட்டும் பலகைகளும் செம்மஞ்சளில் இருப்பதற்குக் காரணம் இதுவே: காட்டின் பச்சைக்கும் மண்ணிறத்துக்கும் நடுவே அந்த நிறம் தூரத்திலேயே கண்ணில் படும்.

காவுவதைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கருவியைச் சொல்லாமல் விட முடியாது. சுமையின் பின்புறத்தைச் சுற்றிவந்து, உச்சந்தலைக்குச் சற்று முன்னால் பதியும் அகன்ற தோற்பட்டை அது. இந்த நிலத்தின் முதற்குடி மக்கள் அதைப் பயன்படுத்தினார்கள். விலங்குரோமத் தோல் வணிகத்துக்காக மொன்றியலிலிருந்து மேற்கே துடுப்பு வலித்தவர்கள், தலா 90 இறாத்தல் எடையுள்ள இரண்டு பொதிகளை அந்தப் பட்டையில் தொங்கவிட்டு ஒரே நடையில் காவினார்கள். முதன்முறையாக அதைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இலங்கையின் மலையகம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தைத் தோளிலிருந்து முதுகெலும்புக்கு இறக்கி நடப்பது இதே முறைதான். ஒரு பழைய பருத்திப் பட்டையை இரண்டு நாடாக்களோடு தைத்து நானே ஒன்று செய்துகொண்டேன். தொடக்கத்தில் கழுத்து வலிக்கும்; பாரத்தைக் குறைத்து, சிறு தூரங்களில் பழக வேண்டும். தோள் களைக்கும்போது தலைக்கும், தலை களைக்கும்போது தோளுக்கும் பாரத்தை மாற்றிக்கொள்ள முடிவதே அதன் நன்மை.

கனடாவின் சட்டப்படி கனூவில் ஒவ்வொருவருக்கும் பொருத்தமான உயிர்காப்பு அங்கியும், குறைந்தது 15 மீற்றர் நீளமுள்ள மிதக்கும் கயிறும், ஒலியெழுப்பும் கருவி ஒன்றும் இருக்க வேண்டும். வாடகைக் கடைகளில் கயிறும் விசிலும் தண்ணீர் இறைக்கும் சாடியும் ஒரு சிறு பிளாஸ்டிக் கொள்கலனுக்குள் அடைத்துத் தரப்படுவது வழக்கம். அந்தக் கொள்கலன் கனூவின் அடியில் உருண்டு கிடந்தால், கவிழ்ந்தவுடன் அது ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாக மிதப்பீர்கள். ஆகவே விசில் அங்கியின் சங்கிலிப் பூட்டில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கயிறு பின்னிருக்கையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கி உடம்பில் இருக்க வேண்டும். ஓவியர் ரொம் தொம்சன் 1917 யூலையில் உயிரிழந்ததும் அந்தக் கனூ ஏரியில்தான். அந்த நீர்ப்பரப்பு காலையில் எவ்வளவு அமைதியாகத் தோன்றினாலும், பிற்பகற் காற்றில் அதன் முகம் வேறாகிவிடும்.

தண்ணீர் இறைக்கச் சாடியைவிட எனக்குப் பிடித்தது கார் கழுவும் பெரிய பஞ்சு. துடுப்பிலிருந்து சொட்டும் நீரும் சப்பாத்தோடு வரும் நீரும் கனூவின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்குச் சேரும்போது சாடி அதை அள்ளாது. பஞ்சு ஒட்ட உறிஞ்சிவிடும். முழங்காலிட்டு வலிக்கும்போது அது முழங்காலுக்கும் உதவும். தனியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்னிருக்கையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் முன்பகுதி உயர்ந்து, காற்று கனூவைத் தன் விருப்பத்துக்குத் திருப்பும். மடிக்கக்கூடிய தண்ணீர்ப் பை ஒன்றில் 10 லீற்றர் ஏரித் தண்ணீரை நிரப்பி முன்னால் வைத்தால் கனூ சமநிலைக்கு வரும். கரையேறும்போது அந்தப் பாரத்தை அங்கேயே ஊற்றிவிட்டு நடக்கலாம்.

நனையாமல் வைப்பதற்கு விலையுயர்ந்த பைகள் தேவையில்லை. கட்டட வேலைக்காரர்கள் குப்பை போடப் பயன்படுத்தும் தடித்த பிளாஸ்டிக் பையைப் பொதியின் உள்ளே விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை நன்றாக முறுக்கி, முறுக்கியதை மடித்து றப்பர் வளையத்தால் கட்டிவிட வேண்டும். மடிப்பதுதான் இதில் முக்கியம். வெறும் முடிச்சு நீரைத் தடுக்காது. படுக்கைப் பையும் ஒரு சோடி உலர்ந்த உடுப்பும் அதற்குள் தனியே இன்னொரு பையில் இருக்கட்டும். அந்த உலர்ந்த உடுப்பை இரவில் மட்டுமே அணிய வேண்டும். காலையில் ஈர உடுப்பைத் திரும்ப அணிவது மனம் ஒப்பாத செயல்தான், ஆனால் இரண்டு சோடியும் நனைந்த பிறகு வரும் இரவு ஆபத்தானது.

உணவுக்கு வருகிறேன். அல்கோன்குவினின் உட்பகுதிகளுக்குத் தகரப் பேணிகளையும் கண்ணாடிப் போத்தல்களையும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. எனவே நம் வீடுகளில் அவசரத்துக்குக் கைகொடுக்கும் ரின் மீன் இங்கே உதவாது. கருவாட்டை நானே தவிர்க்கிறேன். அதன் மணம் நமக்கு எவ்வளவு இனிதோ கறுப்புக் கரடிக்கும் அவ்வளவு இனிது. சோயாமீற், மைசூர்ப் பருப்பு, வறுத்த ரவை, பொடி செய்த கறித்தூள் கலவை ஆகியவை பாரமில்லாதவை, கெடாதவை. வீட்டிலேயே ஒவ்வொரு வேளைக்கும் அளந்து, சமைக்கும் முறையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போட்டுவிட்டால் களைத்த மாலையில் யோசிக்க வேண்டியதில்லை.

அந்த உணவை இரவில் உயரத்தில் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து ஏறத்தாழ 4 மீற்றர் உயரமும் மரத்தின் தண்டிலிருந்து 2 மீற்றர் தள்ளியும் இருப்பது நல்லது. சொல்வது எளிது; கிளைக்கு மேலாகக் கயிற்றை எறிவதுதான் எல்லோரும் திணறும் இடம். கல்லில் நேரடியாகக் கயிற்றைக் கட்டினால் கல் நழுவி, எறிந்தவரின் தலையை நோக்கியே திரும்பி வரக்கூடும். இங்கேதான் வெங்காயம் வாங்கும்போது கிடைக்கும் வலைப்பை உதவுகிறது. பொத்திய கையளவு கல்லை அதற்குள் போட்டு, வாயைக் கயிற்றின் நுனியோடு முடிந்து, கீழிருந்து மேலாக வீசினால் இரண்டாம் மூன்றாம் முயற்சியில் கயிறு கிளையைத் தாண்டிவிடும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. முதலில் மெல்லிய கயிற்றை எறிந்து, அதைக்கொண்டு தடித்த கயிற்றை இழுத்தெடுங்கள். மெல்லிய கயிறு பாரத்தோடு இழுக்கும்போது உள்ளங்கையையும் மரப்பட்டையையும் அறுக்கும். இதை வெளிச்சம் இருக்கும்போதே, சமையலுக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். பற்பசை, சவர்க்காரம், வெயிற்களிம்பு ஆகியவையும் உணவுப் பொதிக்குள்ளேயே போக வேண்டும். எதுவும் கூடாரத்துக்குள் இருக்கலாகாது. எங்கள் பயணங்களில் உணவுப் பையைக் கடித்துத் துளைத்தது கரடி அன்று, கோடிட்ட சிறிய அணில். பகலிலும் பொதியைத் திறந்துவைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அதே வலைப்பை, கற்களை நிரப்பினால், மீன்பிடிக்கும்போது கனூவுக்கு நங்கூரமாகும். கழுவிய கோப்பைகளை அதற்குள் போட்டுக் கிளையில் மாட்டினால் உலர்ந்துவிடும். பாத்திரம் கழுவும் தண்ணீரை ஏரியில் ஊற்றாமல், கரையிலிருந்து 60 மீற்றராவது உள்ளே போய் மண்ணில் சிதற ஊற்றுவது அங்கே வருகிற அனைவரும் காக்க வேண்டிய ஒழுங்கு.

விறகடுப்பில் வைக்கும் சட்டியின் வெளிப்புறத்தில் சவர்க்காரத்தை மெல்லியதாகப் பூசினால் கரி ஒட்டாமல் ஒரு துடைப்பில் போய்விடும். என் அம்மம்மா சாம்பலைக் குழைத்துப் பூசுவார்; கருத்து ஒன்றே. தீ மூட்ட, வாஸ்லின் தோய்த்த பஞ்சு உருண்டைகளை ஒரு சிறு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஈர நாளிலும் ஓர் உருண்டை சில நிமிடங்கள் எரியும். பேர்ச் மரப்பட்டை அதைவிடச் சிறந்தது, ஆனால் விழுந்து கிடக்கும் மரத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். லைற்றர் இரண்டு, இருவேறு பைகளில்.

முகாமில் என் மனதுக்கு மிக நெருக்கமானது படங்கு. 3 மீற்றர் சதுரமான மெல்லிய படங்கும் அதற்கான கயிறுகளும் இருந்தால் மூன்று நாள் மழையையும் சிரித்த முகத்தோடு கழிக்கலாம். இரண்டு மரங்களுக்கிடையே ஒரு கயிற்றை இழுத்து, லொறியில் பாரத்தை இறுக்கிக் கட்டும் அதே முடிச்சால் விறைப்பாக்கி, படங்கை அதன் மேல் போட்டு, காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். நடுக்கயிற்றில் இரு சிறு கயிற்று வளையங்களைச் சுற்றி முடிந்து படங்கின் நுனிகளை அவற்றோடு இணைத்தால், பாரம் ஏறும்போது அவை இறுகிப் பிடிக்கும், தளர்த்தினால் நகரும். இந்த முடிச்சுகளை வரவேற்பறையில் இரண்டு கதிரைகளுக்கு நடுவே பழகுங்கள். இருட்டில், மழையில், குளிர்ந்த விரல்களால் கட்டும்போது மூளை உதவாது, கைப்பழக்கம் மட்டுமே உதவும்.

செப்டெம்பர் இரவுகளுக்கு, கொதித்த நீரை இறுக மூடும் 1 லீற்றர் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் போட்டுப் படுக்கைப் பையின் அடியில் வைத்தால் விடியும்வரை கால் சூடாக இருக்கும். காலையில் அதுவே தேநீருக்கான தண்ணீர். உறைபனி வரக்கூடிய இரவில் நீர் வடிகட்டியையும் படுக்கைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதன் நுண்குழாய்கள் ஒரு தடவை உறைந்தால் வெடித்துப் பயனற்றுப் போகும், வெளியே பார்த்தால் தெரியாது. அப்படியான சந்தேகம் வந்தால் தண்ணீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிப்பதே பாதுகாப்பு.

பேர்ச் பட்டையால் கனூ செய்தவர்கள், ஒரு சுருள் பட்டையையும் ஸ்புரூஸ் மரத்தின் வேரையும் பிசினையும் எப்போதும் உடன் கொண்டுபோனார்கள். பாறையில் கிழிந்த இடத்தை மாலையிலேயே தைத்துப் பூசி அடைத்தார்கள். என் தண்ணீர்ப் போத்தலைச் சுற்றி நான்கு மீற்றர் டக்ட் ரேப், அதாவது தடித்த ஒட்டுநாடா, இருக்கிறது. கனூவின் அடிப்பகுதியில் விழுந்த வெடிப்பையும், முறிந்த கூடாரக் கம்பியையும், பிளந்த சப்பாத்தின் அடியையும் அது வீடுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஒட்டுவதற்கு முன் அந்த இடம் முழுமையாக உலர்ந்திருக்க வேண்டும். தீயருகே சற்று நேரம் காட்டினால் போதும்.

மே நடுப்பகுதியிலிருந்து யூன் நடுப்பகுதி வரை போகிறவர்கள் தலையை மூடும் வலையை மறக்கக் கூடாது. கறுப்பு ஈக்கள் கடும் நீலம், கறுப்பு நிற உடுப்புகளை நாடும். வெளிர் நிறச் சட்டையை அணிந்து, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

இப்போது எந்தப் போர்ட்டேஜிலும் கடைசியாகப் புறப்படுவது என் மகள். எல்லோரும் கனூவில் ஏறிய பிறகு, அவள் இறங்குதுறையைத் திரும்பிப் பார்த்து, செம்மஞ்சள் நிறத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடிவிட்டு வந்து ஏறுகிறாள். சென்ற கோடையில் ஒரு தடவை அவள் கையில் என் திசைகாட்டி இருந்தது.