நான்கு மணி நேரத்தில் மாறும் ரத்தம்

டயாலிசிஸ் இயந்திரத்தின் திரையில் ரத்த ஓட்டத்தின் வேகம், குழாய்களின் அழுத்தம், கரைசலின் வெப்பநிலை, அதன் மின்கடத்துத்திறன், அதுவரை உடலிலிருந்து எடுக்கப்பட்ட நீரின் அளவு என்று பல எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளியின் ரத்தத்தில் அந்த நிமிடம் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்ற எண் மட்டும் அதில் எங்கும் இராது. அரசு மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் பணியாற்றிவரும் எனக்கு, திரையில் இல்லாத அந்த எண்ணை ஊகித்தும் விசாரித்தும் சோதித்தும் அறிவதே இந்த வேலையின் கடினமான பகுதியாக இருந்து வருகிறது.

ஒரு நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் கரைசல், டயலைசர் எனும் வடிகட்டியின் மெல்லிய இழைகளுக்கு வெளியே ஓடி, உள்ளே ஓடும் ரத்தத்துடன் உப்புகளைப் பரிமாறிக்கொள்கிறது. அந்தக் கரைசலை இயந்திரமே, ஆர்.ஓ. தண்ணீரையும் இரண்டு கேன்களில் உள்ள அடர்கரைசல்களையும் கலந்து தயாரிக்கிறது. ஒரு கேனில் அமிலம் கலந்த சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் உப்புகள், மற்றொன்றில் பைகார்பனேட். இரண்டையும் ஒரே கேனில் சேர்த்து வைத்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும் என்பதால்தான் கடைசி நொடியில் கலக்கிறார்கள். கலவை சரியா என்பதை மின்கடத்துத்திறனை வைத்து இயந்திரம் கண்காணிக்கிறது. அது சென்டிமீட்டருக்கு 14 மில்லிசீமென்ஸை ஒட்டி இருக்கும். ஆனால் அந்த எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சோடியம். பொட்டாசியம் 2 (கரைசலில் லிட்டருக்கு 2 மில்லிமோல்) உள்ள கேனுக்குப் பதிலாகப் பொட்டாசியமே இல்லாத கேனை மாட்டினாலும் அலாரம் அடிக்கும் அளவுக்கு அது நகராது. ஆகவே கேனின் லேபிளை இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துப் பதிவேட்டில் எழுதுவது எங்கள் பிரிவில் வழக்கம். நேரமாகிறது என்று ஒரு ஷிஃப்டில்கூட இதை விட்டுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள்ளேயே இருக்கிறது. நாம் ரத்தத்தில் அளப்பது வெளியே மிஞ்சியிருக்கும் சிறு பங்கைத்தான். சிகிச்சை தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் ரத்தப் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் குறைகிறது. அடுத்த 1 மில்லிமோல் குறைய மேலும் இரண்டு மணி நேரம் ஆகிறது. ரத்தத்திலிருந்து எடுக்க எடுக்கச் செல்களுக்குள்ளிருந்து வந்து நிரப்பிக்கொண்டே இருப்பதும், ரத்தத்துக்கும் கரைசலுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுவதும் இதற்குக் காரணம். இதயத் துடிப்பு தடுமாற வாய்ப்புள்ள நேரங்களில் அந்த முதல் மணியும் ஒன்று. பொட்டாசியம் 6.8 என்ற மிக உயர்ந்த அளவுடன் வந்தவருக்கு வேகமாக இறக்கிவிட வேண்டும் என்ற பதற்றம் யாருக்கும் எழும். பொட்டாசியம் 1 அல்லது 0 உள்ள கரைசலை மாட்டினால் எண் விரைவாகவே இறங்கும்; ஆனால் அந்தச் செங்குத்தான இறக்கத்தை, ஏற்கெனவே தடித்துப்போன இதயமும் டைகாக்சின் என்ற இதய மருந்தை உட்கொள்பவரின் இதயமும் தாங்காமல் போகலாம். நோயாளியின் பொட்டாசியத்தையும் கரைசலின் பொட்டாசியத்தையும் கூட்டினால் ஏழு வர வேண்டும் என்று மூத்தவர்கள் ஒரு கணக்கு சொல்வதுண்டு. சாதாரண நாட்களில் அது பழுதில்லாத வழிகாட்டி. மிக உயர்ந்த அளவுடன் வருபவருக்கு அதை அப்படியே பொருத்தினால் பூஜ்யத்துக்கு அருகில்தான் போய் நிற்போம். பொட்டாசியம் 2 உள்ள கரைசலில் தொடங்கி, ஈசிஜி மானிட்டரை மாட்டி, தேவையானால் நேரத்தை நீட்டிக்கும் டாக்டர்களுடன் வேலை செய்யும்போதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

நம் ஊரில் இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்குவது இடைவெளி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் கட்டணச் சுமை குறைந்திருந்தாலும், பயணம், கூலி இழப்பு, துணைக்கு ஆள் இல்லாமை ஆகியவற்றால் வாரம் மூன்று முறை வர வேண்டியவர்கள் பலரும் இரண்டு முறையே வருகிறார்கள். வியாழக்கிழமை முடித்துச் சென்றவர் திங்கட்கிழமைதான் திரும்புவார். மே மாதத்துத் திங்கட்கிழமைகளில் நான் ஊசி போடுவதற்கு முன்பே பேச்சுக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறேன். "ஒரே ஒரு இளநீர்தான் தம்பி குடிச்சேன், வெயில் தாங்கல" என்று ஓர் அம்மா சொன்னால், அந்த ஓர் இளநீரில் அரை கிராமுக்கும் மேல் பொட்டாசியம் இருக்கும் என்பதும், அவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிக்கப்பட்டதே ஏறக்குறைய இரண்டு கிராம்தான் என்பதும் உடனே என் நினைவுக்கு வரும். அவரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை சொல்லமாட்டார். கால்கள் துவள்கின்றனவா, படபடப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு டாக்டரை அழைப்பேன். ஈசிஜியில் டி அலை கூடாரம்போல் கூர்ந்து நின்றால் ஆய்வக முடிவுக்காக யாரும் காத்திருப்பதில்லை. முடிவு கையில் இருக்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை: எடுத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சரியாகச் சாப்பிடாத, வயிற்றுப்போக்கால் வாடிய நோயாளி 3.2 என்ற குறைந்த அளவுடன் வரும்போது அவருக்குப் பொட்டாசியம் 3 அல்லது 4 உள்ள கரைசல் வேண்டும். அந்தக் கேன் இருப்பில் இல்லாதபோது, டாக்டரின் எழுத்து ஆணையின்பேரில், இருக்கும் கேனில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல்களைச் சேர்க்கும் முறை பல இடங்களில் இருக்கிறது. ஒன்றுக்கு முப்பத்துநான்கு என்ற விகிதத்தில் கலக்கும் 10 லிட்டர் கேன் 350 லிட்டர் கரைசலாகும். அதில் லிட்டருக்கு 1 மில்லிமோல் கூட்ட 350 மில்லிமோல் வேண்டும். 20 மில்லிமோல் உள்ள ஆம்பியூல்கள் பதினேழரை. கணக்கு எளிமையானதுதான். ஆனால் உடைத்த ஆம்பியூல்களை இரண்டாவது ஆள் எண்ணிக் கையெழுத்திடாமலும், நன்றாகக் குலுக்கிக் கலக்காமலும், கேனின்மேல் சிவப்பு எழுத்தில் எழுதாமலும் அதை மாட்டக் கூடாது. அந்த நோயாளிக்கு முடிந்ததும் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

முதன்முறையாக டயாலிசிஸுக்கு வருபவரிடம் வேறொரு நிதானம் தேவைப்படுகிறது. யூரியா 250, 300 என்று ஏறிய நிலையில் வருபவரின் குடும்பத்தார், "உப்பு முழுசையும் இன்னைக்கே எடுத்துடுங்க சார்" என்று கேட்பார்கள். ரத்தத்திலிருந்து யூரியா விரைந்து வெளியேறி மூளையிலிருந்து மெதுவாக வெளியேறினால், அந்த வித்தியாசம் நீரை மூளைக்குள் இழுக்கும்; தலைவலி, வாந்தி, சில நேரம் வலிப்பு. அதனால் முதல் நாள் இரண்டு மணி நேரம், குறைந்த ரத்த ஓட்டம், சிறிய டயலைசர். நாளையும் மறுநாளும் வரச் சொல்வது ஏன் என்பதை அவர்களுக்கு விளக்க நான் செலவிடும் பத்து நிமிடமும் சிகிச்சையைச் சேர்ந்ததுதான்.

சோடியத்திலும் இதே வேகக் கவலை உண்டு. பல நாட்களாகச் சோடியம் 118 என்ற தாழ்ந்த அளவில் இருந்தவரை 138 உள்ள கரைசலுடன் நான்கு மணி நேரம் இணைத்தால் அவர் ரத்தமும் 138ஐ நோக்கி ஓடும். ஒரு நாளில் எட்டு, பத்துக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதையும் ஆபத்து இருக்கிறது. இயந்திரத்தில் சோடியத்தை அனுமதிக்கும் கீழ்எல்லைக்கு, பெரும்பாலும் 130க்கு, இறக்கி, ரத்த ஓட்டத்தையும் வெகுவாகக் குறைத்து, மணிக்கொரு முறை சோதித்து, குறுகிய நேரத்தில் நிறுத்துகிறோம். கால்சியமும் பைகார்பனேட்டும் அன்றாடத்தில் இவ்வளவு தொல்லை தருவதில்லை; ரத்தத்தின் அமிலத்தன்மை விரைவாகச் சரியாகும்போது அயனிக் கால்சியம் குறைந்து உதட்டைச் சுற்றி மரமரப்பு வரலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன்.

சிகிச்சை முடிவில் மாதிரி எடுப்பதில்தான் பல இடங்களில் அவசரம் தெரிகிறது. ரத்த ஓட்டத்தை நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டராகக் குறைத்துப் பதினைந்து நொடி பொறுத்து எடுக்காவிட்டால், இப்போதுதான் சுத்தமாகித் திரும்பிய ரத்தமே குழாயில் கலந்து, யூரியா உள்ளதைவிடக் குறைவாகக் காட்டி, போதாத டயாலிசிஸைப் போதுமானதாக நம்பவைத்துவிடும். பொட்டாசியத்துக்கோ, சரியாக எடுத்த மாதிரிகூட அந்த நிமிடத்துக்கு மட்டுமே பொருந்தும். சில மணி நேரத்துக்குள் செல்களிலிருந்து வெளிவந்து அது மீண்டும் ஏறும். முடிவில் 3.3 வந்துவிட்டதே என்று கையில் வாழைப்பழம் கொடுத்து அனுப்பச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

என் மனக்குறை ஒன்றே. மாதத்துக்கொரு முறை எடுக்கும் ரத்தத்தின் முடிவு, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு மாலையில் வருகிறது. அதை வைத்து அடுத்த முப்பது நாட்களின் கரைசல் தீர்மானமாகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் உள்ள ரத்த வாயுக் கருவியோ பொட்டாசியத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். பலமுறை கேட்டு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவர்களுக்கும் ஒரு முறையைத் தவறவிட்டவர்களுக்கும் அதைப் பயன்படுத்தும் அனுமதியை இப்போது பெற்றிருக்கிறோம். ஊசி போட்டதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் உப்புநீரும் கலப்பதற்கு முன்பே ஒரு மில்லிலிட்டர் எடுத்து அனுப்புகிறோம். குழாய்களை இணைத்து இயந்திரம் ஓடத் தொடங்குவதற்குள் தொலைபேசியில் எண் வந்துவிடுகிறது, மாட்டியிருக்கும் கேன் போதுமா என்பதை டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறார்.