வாயால் ஒன்றும் சொல்லவில்லை

"இது போதாதா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். கையில் பட்டன் போன். நான் பதில் சொல்லவில்லை. போனைப் பார்த்து உதட்டை லேசாகச் சுளித்தேன். அவ்வளவுதான். அவர் அதைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டார்.

2015 மழைக்காலம் அது. முன்பு லட்சக்கணக்கில் விற்ற சிம் கார்டு, பர்மா பணத்தில் 1500 சாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ரங்கூனில் எங்கள் போன் கடைவாசலில் ஓயாத கூட்டம். அந்த அம்மா சிரியம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார். மகன் மலேசியாவில். தமிழ் பேசுகிற பையன் என்று என்னிடமே வந்து உட்கார்ந்தார்.

முதலாளி சொல்லிக் கொடுத்த பாடம் இது: வந்தவருக்கு முதலில் டீ கொடு. விலை உயர்ந்த போனை வலது கையால் நீட்டு, இடது கை வலது முழங்கையைத் தொடட்டும். பொருள் அவர்கள் கைக்குப் போனபிறகு நீ மெதுவாகத் தலையாட்டு, அவர்களும் ஆட்டுவார்கள். எல்லாவற்றையும் செய்தேன். அவரும் தலையாட்டினார், சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது. பர்மியர்கள் 'ஆனாதெ' என்பார்களே, எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படக்கூடாது என்று தன் வேண்டாமையை விழுங்கிக்கொள்வது. தாட்சண்யம் என்றால் கிட்டத்தட்ட வரும், ஆனால் முழுதாக வராது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் ஆட்களுக்கும் அது உண்டு. டீயைக் குடித்துவிட்டு வேண்டாம் என்று எழுந்து போக அவரால் முடிந்திருக்காது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே டீ கொடுத்தேன்.

சரி, மகன் முகத்தைப் பார்த்துப் பேச அந்தப் போன்தானே வேண்டும்? பட்டன் போனில் முகம் தெரியாதே. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மகன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. குரல் கேட்டால் போதும் என்றுதான் வந்ததும் சொன்னார். கிராமத்தில் இன்டர்நெட் எடுக்குமா என்று நானும் விசாரிக்கவில்லை. எனக்குக் கமிஷன் வந்தது. அதை எழுதாமல் விட்டால் இதையெல்லாம் எழுதிப் பயனில்லை.

பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த நோட்டுகளை எண்ணி நீட்டினார். வலது கையால், இடது கை முழங்கையைத் தொட்டபடி. என் பாட்டி வயது அவருக்கு. அந்த மரியாதையை நான்தான் அவருக்குத் தரவேண்டும். அப்புறம் அவர் வரவில்லை. போன் நன்றாக வேலை செய்ததால்கூட வராமல் இருந்திருக்கலாம்.

இப்போது புதுப் பையன்களுக்கு நான்தான் பழக்குகிறேன். டீ, கை, தலையாட்டல் எல்லாம் சொல்லித் தருவேன். உதட்டுச் சுளிப்பை மட்டும் சொல்வதில்லை. போன வாரம் ஒருவன் அதை அப்படியே செய்தான். என்னைப் பார்த்தே பிடித்திருப்பான். வாடிக்கையாளர் மலிவான போனைக் கீழே வைத்தார். நான் பில் புத்தகத்தை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன்.