கேரவன் வாலாட்டினால் முதலில் தராசு, அப்புறம் கடை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊரில், காடிக்குப் (காருக்கு) பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீடு போன்ற கேரவன் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் காடிக்குப் பின்னால் எதையாவது கட்டி இழுத்துப் போகிறவர்கள் நிறைய. மீன்பிடிப் படகு, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போகும் சாப்பாட்டு வண்டி, புல்வெட்டும் மெஷின் ஏற்றிய டிரெய்லர் என்று என் பட்டறைக்கு எல்லாமே வரும். வேகமாகப் போகும்போது இவை வாலாட்டுவதற்குக் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அக்கா வீட்டுக் கேரவனில் பார்த்ததை விவரமாக எழுதிவைக்கிறேன். யாராவது ஒருவருக்கு உதவினாலும் போதும், ஏனென்றால் இதில் போவது உயிர்.

அத்தானும் அக்காவும் பினாங்கிலிருந்து திரும்பும் வழியில், ஈப்போவில் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நெடுஞ்சாலையிலேயே வந்திருக்கிறார்கள். மெனோரா சுரங்கம் தாண்டி ஜெலாப்பாங் பக்கம் நீளமாக இறங்கும் சரிவு இருக்கிறதே, அங்கே ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் வலது பக்கம் முந்திப் போனதும் கேரவன் ஆட ஆரம்பித்துவிட்டது. முதல் ஆட்டம் சின்னது, அடுத்தது அதைவிடப் பெரியது. காடியின் பின்பக்கத்தையே அது இழுத்துப் போட்டதாக அத்தான் சொன்னார். நல்லவேளையாக பிரேக்கை மிதிக்காமல் எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது.

அவர் செய்ததுதான் சரி. ஆடும்போது எண்ணெயை மிதித்து இழுத்தால் கேரவன் நேராகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஒரு நொடி நேரானது போலத் தெரியலாம், ஆனால் வேகம் ஏறிவிடும். இந்த ஆட்டத்தைத் தானாக அடக்கும் சக்தி வேகம் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். காடியும் கேரவனும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே தட்டிவிட்டாலும் அதுவாக அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். சரிவில் எண்ணெயை மிதிப்பது அந்த எல்லையை நோக்கி ஓடுவதுதான். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி வெட்டித் திருப்புவதும் கூடாது, நம் கை எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் போகும்.

மறுநாள் அத்தான் ஒரு கடையில் கேட்டிருக்கிறார். ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலைசர் கொக்கி ஒன்றைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி விலை சொன்னார்களாம். "மச்சான், வாங்கிடலாமா?" என்று போன் செய்தார். "இருங்க அத்தான், கேரவனை அப்படியே கொண்டு வாங்க. உள்ளே இருக்கும் ஒரு கரண்டியைக்கூட எடுக்காதீங்க" என்றேன்.

அப்படியே வந்தால்தான் பார்க்க முடியும். சாமான்களை இறக்கிவிட்டுக் கொண்டுவந்தால் நோயை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற கதைதான்.

முதலில் எடை. எங்கள் பக்கத்துச் செம்பனை ஆலையில் பழக் குலையோடு லோரியை நிறுக்கும் தராசு இருக்கிறது. தெரிந்த கிராணியிடம் கேட்டு, லோரி வராத நேரமாகப் பார்த்து, கேரவனை மட்டும் கழற்றி அதன்மேல் நிறுத்தினோம். 1180 கிலோ. ஃபார்ச்சூனர் காடிக்கு அது பாரமே இல்லை. ஆகவே கோளாறு மொத்த எடையில் இல்லை.

அடுத்ததுதான் முக்கியம்: கேரவனின் முன்பக்கம் காடியின் கொக்கிமேல் எவ்வளவு அழுத்துகிறது? இதற்கு வீட்டில் நாம் ஏறி நின்று எடை பார்க்கும் தராசே போதும். பட்டறை சிமெண்டுத் தரையில் கேரவனை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். காடியின் டோ பால், அதாவது கேரவனை மாட்டும் கொக்கி உருண்டை, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் கேரவனின் மூக்கு நிற்கிற அளவுக்கு ஒரு மெராந்திக் கட்டையை அறுத்துத் தராசின்மேல் செங்குத்தாக வைத்தேன். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மூக்கு மெல்ல இறங்கிக் கட்டையில் உட்கார்ந்தது, சின்னச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. தராசில் முள் 19-இல் நின்றது. அக்கா குனிந்து பார்த்து, "பத்தொன்பதுதானா? நம்ம பேரப்பிள்ளை எடைகூட இல்லையே" என்றாள்.

பொதுவாக ஐரோப்பியக் கணக்குப்படி கேரவனின் எடையில் 5 முதல் 7 விழுக்காடு மூக்கில் அழுந்த வேண்டும். 1180 கிலோவுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 கிலோ. காடியின் கொக்கியும் கேரவனின் கொக்கியும் தாங்கும் அளவு அவற்றின் தகட்டில் எழுதியிருக்கும், அதையும் மீறக்கூடாது. இங்கே 19 கிலோ என்றால் பாரமெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பின்பக்கக் கதவைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. இந்தக் கேரவனில் அடுப்படி பின்னால். அதற்குக் கீழே 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, நிரம்பியிருந்தது. தோசை இல்லாமல் அக்காவுக்கு விடியாது, அதனால் மாவாட்டும் கிரைண்டர், பக்கத்தில் அரிசி மூட்டை, உளுந்து டின், எண்ணெய் எல்லாம் அங்கேதான். ஒரு குடும்பம் அடுப்படியில் வைக்க வேண்டியதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேரவனின் சக்கர அச்சுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி 60 கிலோ தண்ணீர் இருந்தால், அச்சிலிருந்து கொக்கி மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மூக்கிலிருந்து 34 கிலோவைத் தூக்கிவிடும். கணக்கு சுலபம்: 60-ஐ 2-ஆல் பெருக்கி மூன்றரையால் வகுத்தால் போதும்.

தண்ணீரைத் திறந்துவிட்டோம். போகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். கிரைண்டரையும் மூட்டையையும் டின்களையும் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக, நாற்காலிப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். மறுபடி தராசில் வைத்தபோது 65. தண்ணீர் போக 1120 கிலோ கேரவனுக்கு இது நல்ல அளவு.

"பின்னால் இருப்பதை அப்படியே விட்டு, முன்னால் ரெண்டு கேஸ் தோம்பு வைத்தால் மூக்கு எடை வந்துவிடாதா?" என்று அத்தான் கேட்டார். எண்ணிக்கை வந்துவிடும், ஆட்டம் போகாது. இரண்டு முனையிலும் குடம் தொங்கும் காவடித் தண்டைத் தோளில் வைத்துத் திரும்பிப் பாருங்கள்: திருப்பவும் சிரமம், திரும்ப ஆரம்பித்ததை நிறுத்தவும் சிரமம். கேரவனும் அப்படித்தான். கனமானது நடுவில், அச்சுக்குப் பக்கத்தில், கீழே இருக்க வேண்டும். மூக்கு எடை சரியாக இருந்தும் ஆடுகிற வண்டிகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்.

இதெல்லாம் எனக்குப் படிப்பில் வந்ததில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தோட்டம் ஒன்றில் அப்பா டிராக்டர் ஓட்டினார். குலை ஏற்றும்போது முதல் வரிசையை டிரெய்லரின் முன்பக்கம் போடச் சொல்லி நின்றுகொண்டே இருப்பார். பின்னால் ஏற்றினால் டிரெய்லர் டிராக்டரின் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும், ஈர மண்ணில் பிடிப்புப் போய்விடும். காடியிலும் நடப்பது அதுதான். மூக்கு மேலே இழுத்தால் பின் டயர்களின் பிடிப்புக் குறைகிறது, பஸ் காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

எடை சரியான பிறகு மற்றதைப் பார்த்தேன். கேரவன் டயர்களில் பூ (தரையில் படும் பள்ளக் கோடுகள்) நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். டயரில் அச்சடித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், இதில் 2314. அதாவது 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. நம் வெயிலில் மாதக்கணக்காக நின்ற இடத்திலேயே நிற்கும் டயர் பூ தேயும் முன்பே உள்ளே செத்துவிடும். இரண்டையும் மாற்றச் சொன்னேன், பாரம் தாங்கும் எண் குறையாமல். காடியின் பின் டயர்களுக்குக் கதவோரத் தகட்டில் முழுப் பாரத்துக்கு என்று போட்டிருக்கும் காற்றை வைத்தேன். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் நெளியும், அந்த நெளிவிலேயே ஆட்டம் பிறக்கும்.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை. சிறிது தூரம் ஓட்டிவிட்டு இரண்டு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன், ஒரே சூடு. ஒன்று மட்டும் சுட்டிருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். காடிக்கு அடியில்தான் ஒன்று கிடைத்தது: பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்துவைத்திருக்கும் ராடின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. காடியை மட்டும் ஓட்டும்போது இது தெரியாது. பின்னால் ஒன்றைக் கட்டினால் அச்சு மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்து, காடி தானாகத் திரும்புவது போல நடந்துகொள்ளும்.

ஸ்டெபிலைசர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பொருள், காற்றுக்கும் லோரிக்கும் உதவும். ஆனால் 19 கிலோ மூக்கோடு அதைப் போட்டிருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டிய ஆட்டத்தை 100 வரை மறைத்துவைத்திருக்கும், அங்கே வந்தால் பிடிக்க முடியாது. அதோடு, டோ பாலை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுப் பட்டை வகை ஸ்டெபிலைசர் போட்டால் டோ பாலில் கிரீஸ் பூசக்கூடாது. நம் ஆட்கள் உருண்டையைக் கண்டாலே கிரீஸ் டின்னைத் தேடுவார்கள். கிரீஸ் பட்டால் அந்தப் பட்டை பிடிக்காது, போட்ட காசு வீண்.

புஷ் இன்னும் கடைக்கு வரவில்லை. அது வந்து மாட்டும்வரை நெடுஞ்சாலை வேண்டாம், பழைய சாலையில் 70-க்குள் போங்கள், இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். மெராந்திக் கட்டையை அவர்கள் வீட்டுக்கே கொடுத்துவிட்டேன். புது டயர் போட்டு, சாமான் ஏற்றி முடித்ததும் அவர்களே ஒரு தடவை நிறுத்துப் பார்க்கட்டும்.