வறைக்குத் தேங்காய்ப்பூ ஏன் வேண்டும்

கொழுப்புக்குப் பயந்து, முருங்கையிலையைத் தேங்காய்ப்பூ என்ற துருவிய தேங்காயோடு வறையாக வதக்காமல், வெறும் உப்புத் தண்ணீரில் அவித்துச் சாப்பிடுகிறவர்கள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். அதோடு வேறு கொழுப்பு எதுவும் சேராவிட்டால், இலையிலுள்ள, உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றும் பீட்டா கரோட்டினில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். நல்ல கீரை வீணாவது கவலைக்குரிய விஷயம்.

பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது. குடற்சுவரை ஒட்டியோ எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. அதைக் கடக்கவைப்பது பித்த உப்பு. ஈரல் கொலஸ்ட்ரோலிலிருந்து செய்யும் இந்த மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நீரோடு சேரும், மறுபக்கம் கொழுப்போடு சேரும். குடலில் போதிய செறிவு வந்ததும் கொழுப்பு செரித்து வரும் கொழுப்பமிலங்களையும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளையும் சேர்த்துக்கொண்டு, சில நனோமீற்றர் அளவான மைசெல் உருண்டைகளாகத் திரளும். கரோட்டின், விற்றமின் ஈ, மஞ்சளின் குர்குமின் எல்லாம் இவற்றுக்குள் ஏறித்தான் குடற்சுவரை அடைகின்றன.

கொழுப்பு வந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குள் விடும். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தாலே கரோட்டினுக்குப் பெரிய உதவி. குவித்த இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, அதாவது சுமார் 15 கிராம், ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பைத் தரும். ஆனால் அது பூவின் கலங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நன்றாகச் சப்பாவிட்டால் முழுதும் வெளிவராது. தேங்காய்ப்பாலில் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று, தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம் என்ற நீளம் குறைந்த கொழுப்பமிலம். கரோட்டின் நீண்ட மூலக்கூறு. லோரிக் அமிலத்தைவிட நீளமான கொழுப்பமிலங்கள் சேர்ந்த மைசெல்லில்தான் அது வசதியாக அடங்கும். அதனால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, மஞ்சள்தூளை அந்த எண்ணெயிலேயே போட்டு, மெல்லியதாக அரிந்த இலையைச் சேர்த்து 5 நிமிடம் மூடி வேகவையுங்கள். தேங்காய்ப்பூவைக் கடைசியில் பிரட்டி இறக்குங்கள். அரியாத இலையில் கலச்சுவர் குறைவாகவே உடையும். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். பக்கத்தில் ஒரு சூடை மீன் குழம்பு இருந்தால் இன்னும் நல்லது.

கல்சியம் மாத்திரையைக் கீரை சாப்பிடும் வேளையில் விழுங்காதீர்கள். கொழுப்பமிலத்தோடு அது சவர்க்காரமாகிப் படிவதால் மைசெல் குறையும். வேறு வேளைச் சாப்பாட்டோடு எடுக்கலாம்.

பித்தப்பை எடுத்தவர்களுக்குப் பித்தம் சேமிக்கப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்கும். கொழுப்பை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரிப்பது அவர்களுக்கு ஏற்றது. பித்தக்கல் வலி உள்ளவர்கள் எண்ணெயைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள்.