எட்டு மைல் கீழே, கொஞ்சம் பின்னே

மூன்று இரவுகள் வீணாகின. நான்காவது இரவுதான் எஸ்-ஃபோர்-பி என்ற ராக்கெட் அடுக்கு என் சிமுலேட்டர் ஜன்னலில் தெரிந்தது.

ஆர்பிட்டர் என்ற விண்பயண சிமுலேட்டரை மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் வெளியிட்டார். இன்றும் இலவசம்தான். அதற்கான நாஸ்ப் என்ற ஆட்-ஆனில் அப்பல்லோ கலங்களை ஒவ்வொரு சுவிட்சாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் வழிகாட்டிக் கணினி வெறும் பாவனை இல்லை; அப்பல்லோ காலத்தில் பறந்த நிரலே, பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓடுகிறது. நான் எடுத்துக்கொண்டது அப்பல்லோ 7. 1968 அக்டோபர் 11-இல் கிளம்பிய ஷிரா, ஐசல், கன்னிங்ஹாம் மூவரும், தாங்கள் கழற்றிவிட்டு வந்த ராக்கெட்டின் மேலடுக்கையே மறுநாள் தேடிப்போய் நெருங்கினார்கள். அந்த மேலடுக்குதான் எஸ்-ஃபோர்-பி.

தேடிப்போவது என்றால் மூக்கைத் திருப்பி எஞ்சினைப் பற்றவைப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1965-இல் ஜெமினி 4 பயணத்தில் மக்டிவிட் அப்படித்தான் செய்து பார்த்தார்; எரிபொருள்தான் கரைந்தது. கோயிலில் உள் பிரகாரத்தைச் சுற்றுகிறவர் வெளிப் பிரகாரத்தில் நடப்பவருக்கு முன்பே சுற்றை முடித்துவிடுவார் அல்லவா? இங்கேயும் அதே கணக்கு. வேகம் கூட்டினால் பாதை உயரும், சுற்று நீளும், நாம் பின்தங்குவோம். அப்பல்லோ 7 திட்டத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். கிளம்பி 26 மணி 25 நிமிடத்தில் கலம் இலக்குக்கு எழுபது கடல் மைலுக்கும் மேல் முன்னால் நிற்கிறது. அந்த இடத்தில் பெரிய எஞ்சினை ஒன்பது வினாடி எரித்துப் பாதையை உயர்த்துகிறோம், பின்னால் போவதற்காக! ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது எரிப்பு. அது முடிந்ததும் நாம் இலக்குக்கு எட்டு கடல் மைல் கீழே, 1.32 டிகிரி பின்னே, அதன் பாதைக்கு இணையாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று புரிந்த பிறகுதான் எனக்கு விளையாட்டே பிடிபட்டது. இணையான பாதையில் கீழே இருப்பவர் ஒரு சுற்றுக்கு உயர வித்தியாசத்தைப் போல ஏறத்தாழ 9.4 மடங்கு முன்னேறுவார். எட்டு மைலுக்கு எழுபத்தைந்து மைல். 1.32 டிகிரி என்பது அந்த உயரத்தில் எண்பது மைல் சொச்சம். ஆகவே ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவான நேரத்தில், எதையும் எரிக்காமலே, இலக்குக்குப் பதினைந்து மைல் அருகில் போய்விடலாம். துரத்துகிற வேலையை எட்டு மைல் பள்ளமே பார்த்துக்கொள்கிறது.

ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் அன்று பெரிய ஐ.பி.எம். கணினிகள் போட்ட கணக்கை இங்கே ஆர்.டி.சி.சி. என்ற திரை போட்டுத்தருகிறது. நேரம், உயர வித்தியாசம், கோணம் கொடுத்தால் டெல்டா-வி, அதாவது எவ்வளவு வேகம் மாற்ற வேண்டும் என்பது, வரும். முதல் இரவு அதில் கோணத்தின் மைனஸ் குறியை விட்டுவிட்டேன். கணக்கு ஒழுங்காக வந்தது, எரிப்பும் அழகாக முடிந்தது. இரண்டாவது எரிப்பும் முடிந்த பிறகு பார்த்தால், இலக்கு எனக்குப் பின்னால். நான் கீழே, அதுவும் முன்னால். ஒவ்வொரு நிமிடமும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. சிரிப்புத்தான் வந்தது.

இரண்டாம் இரவு அப்படிச் சிரிக்க முடியவில்லை. எண்களை மூன்று முறை சரிபார்த்தேன், இரண்டு எரிப்பும் கச்சிதம். இனி செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் தொலைநோக்கி வழியே இலக்கைப் பார்த்துக் குறிகள் எடுக்க வேண்டும்; அதாவது அது தெரியும் திசையைக் கணினியில் பதிய வேண்டும். கணினிக்கான கட்டளையைத் தட்டினேன்: வெர்ப் 37, என்டர், 20, என்டர். கணினி தானாகவே செக்ஸ்டன்டைத் திருப்பியது. கண்ணை வைத்தால் கருவானம். ஒரு புள்ளிகூட இல்லை. கலத்தின் திசையறி மேடை நகர்ந்திருக்குமோ என்று நட்சத்திரச் சரிபார்ப்பை ஓட்டினேன். நட்சத்திரம் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது. பிறகுதான் இலக்கின் தூரத்தைக் காட்டும் வெர்ப் 83 தட்டினேன். தூரம் முப்பத்தொரு மைல் என்றது டிஸ்கி, அதாவது கணினியின் எண்திரையும் விசைப்பலகையும் சேர்ந்த பலகை. ஆர்.டி.சி.சி. திரையோ எழுபதுக்கு மேல் காட்டியது.

கணினியில் இரண்டு பேருக்குத்தான் இடம்: நம் கலம், நிலாக்கலம். இந்தப் பயணத்தில் நிலாக்கலம் கிடையாது என்பதால் எஸ்-ஃபோர்-பி அந்த இடத்தில் உட்கார்கிறது. நான் என் கலம் எங்கே, என்ன வேகத்தில் போகிறது என்ற நிலைத் தரவை மட்டும் புதிதாக அனுப்பிவிட்டு, அந்த இரண்டாவது இடத்தை மறந்திருந்தேன். அங்கே கிடந்தது முதல் நாள் தரவு. இலக்கோ இதற்குள் கீழிறங்கி எங்கோ போய்விட்டது. அசல் பயணத்திலும் அது எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியதால்தான் பதினாறாவது மணி நேரத்தை ஒட்டிக் கூடுதலாக ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டி வந்தது. படித்திருந்தேன், உறைக்கவில்லை.

மூன்றாம் இரவு பிரேக் பிடிக்கத் தாமதித்து, இலக்கைத் தாண்டிப் போய்விட்டேன். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நான்காம் இரவு, ஒவ்வொரு எரிப்புக்கு முன்னும் காட்சியைச் சேமித்துக்கொண்டேன். இரண்டு இடங்களுக்கும் தரவு போனதை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தேன். எரிப்புக்கு முப்பத்தைந்து வினாடி இருக்கும்போது டிஸ்கி அணைந்து மீண்டது. ஐந்து வினாடி இருக்கும்போது 99 மினுக்கியது; அனுமதி கொடுத்தால்தான் எரியும். கொடுத்தேன். செக்ஸ்டன்டில் இந்த முறை ஒரு வெள்ளைப் புள்ளி, நடுவிலிருந்து இம்மி விலகி. குறி எடுக்க எடுக்கத் திருத்தங்கள் சிறுத்தன.

பிறகு 34-ஆம் நிரல். இலக்கு நம் கிடைமட்டத்துக்கு மேலே 27 டிகிரி சொச்சத்தில் தெரியும் நேரத்தை அது கண்டுபிடித்துத்தரும். அந்தக் கோணத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. தள்ளவேண்டிய திசை ஏறத்தாழ இலக்கைப் பார்க்கும் திசையாகவே அமைந்துவிடும். கணினி செத்தாலும் மூக்கை நேரே அதை நோக்கி வைத்துத் தள்ளிவிடலாம். எனக்கு வந்த தள்ளல் வினாடிக்குப் பதினெட்டு அடி. நாலு நாள் பாடு இந்தப் பதினெட்டு அடிக்குத்தான்.

பிரேக் கட்டம்தான் கை நடுங்கும் இடம். அப்பல்லோ 7-இல் தூரம் அளக்க ரேடார் கிடையாது. ஷிரா அதை ஒளிக்காமல் குறைபட்டுக்கொண்டார். 1965 டிசம்பரில் ஜெமினி 6ஏ-வை ஜெமினி 7-இன் அருகே கொண்டுபோய் நிறுத்தியவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் வெர்ப் 83-இல் ஒரு கண், ஜன்னலில் ஒரு கண். ஆறாயிரம் அடியில் வினாடிக்கு முப்பது அடி, மூவாயிரத்தில் இருபது, ஆயிரத்து ஐந்நூறில் பத்து. ஐந்நூறு அடியில் ஐந்தாகக் குறைத்தபோது வெயில் அதன் உருளை உடம்பில் சாய்வாக விழுந்தது. மேலே இதழ்போல் விரிந்த நான்கு தகடுகள், நடுவே இணைப்புக் குறி.

நிறுத்திவிட்டுப் பக்கவாட்டுச் சின்ன எஞ்சின்களின் எரிபொருள் முள்ளைப் பார்த்தேன். திட்டத்தில் ஒதுக்கியதைவிட நன்றாகவே கூடச் செலவாகியிருந்தது. மணி இரண்டே கால். சேமித்துவிட்டுப் படுத்தேன்.