நல்ல ரேடியோவைக் கழற்றிக்கொண்டு வந்த கதை: சிபிஆர்எஸ் பதிவில் நான் பட்ட பாடு

2021 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். எந்தக் கோளாறும் இல்லாத ஒரு ரேடியோவைக் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, 18 மீட்டர் உயரத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினேன். காரில் போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் வீட்டுக்கு ஓட்டினேன். அன்று ராத்திரி அதை அங்கேயே விட்டிருந்தால், விடிவதற்குள் தானாகவே ஓட ஆரம்பித்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. சிபிஆர்எஸ்ஸில், அதாவது அமெரிக்காவில் பலரும் பங்குபோட்டுக்கொள்ளும் ரேடியோ அலைக்கற்றையில், முதன்முதலாக இறங்குகிறவர்கள் யாரும் அப்படி அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம், வர்ஜீனியாவின் கிழக்குக் கரை. ரிச்மண்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து செசபீக் விரிகுடாவின் பாலத்தையும் சுரங்கத்தையும் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஒரு தக்காளிப் பண்ணை. பேக்கிங் ஷெட் வரைக்கும் கேபிள் இணையம் வருகிறது. நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பம்ப் ரூமுக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் ஒன்றும் கிடையாது. ரேடியோ வழியாக அங்கே இணையத்தைக் கொண்டுபோவதுதான் என் வேலை. இடையில் பைன் மரக்கூட்டம். வைஃபையை வைத்துப் பார்த்து அவர்கள் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிபிஆர்எஸ் என்பது 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 150 மெகாஹெர்ட்ஸ். கடற்படை ரேடார்கள் எப்போதாவது பயன்படுத்தும், மற்ற நேரத்தில் சும்மா கிடக்கும் அலைக்கற்றை. அதைப் பங்குபோட 2015-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதி போட்டது. 2020 ஜனவரியில் முழு வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. முதல் உரிமை கடற்படைக்கும் மற்ற பழைய உரிமையாளர்களுக்கும். அடுத்தது ஏலத்தில் எடுத்தவர்கள். 2020 ஏலத்தில் 450 கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் நம்மைப் போன்ற பொது அனுமதிக்காரர்கள். அலைக்கற்றைக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். ஏலம் எடுத்தவர் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அவருடைய இடத்தையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் உண்மையாகவே மரியாதை உண்டு. ஒரு சின்னப் பண்ணைக்கும் அலைக்கற்றையில் இடம் கொடுக்கிற விதி இது.

ஆனால் எந்த ரேடியோவும் தானாக ஒலிபரப்ப முடியாது. எஸ்ஏஎஸ் எனப்படும் மேலாண்மை சர்வரிடம் பதிவு செய்து, அனுமதி கேட்டு, அது 'சரி' என்ற பிறகுதான். எனக்குத் தேவைப்பட்டது 'பி' வகை ரேடியோ. ஒலிபரப்புச் சக்தியை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள். 'ஏ' வகைக்கு 10 மெகாஹெர்ட்ஸுக்கு 30 டிபிஎம் வரைதான், 'பி' வகைக்கு 47 டிபிஎம் வரை போகலாம். 'பி' வகையை நிறுவச் சான்று பெற்ற நிறுவுநர் கையெழுத்து வேண்டும். ஆன்லைன் வகுப்பு, தேர்வு, சான்றிதழ் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. கையெழுத்துக்கான டிஜிட்டல் சாவிக் கோப்பையும் அதன் பாஸ்வேர்டையும் கிடைத்த அன்றே இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

அந்த வியாழக்கிழமை மதியம் பண்ணையின் சைலோ என்கிற சேமிப்புக் கோபுரத்தின் மேல் ஆன்டெனாவைக் கட்டி, விவரங்களை நிரப்பி, கையெழுத்திட்டு அனுப்பினேன். சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைப் பதிலாக அனுப்பும். முதலில் 200 வந்தது. ஏதோ ஒரு விவரம் பாக்கி என்று அர்த்தம். கையெழுத்துக் கோப்பு ஏறவில்லை; மறுபடி ஏற்றினேன், பதிவு ஆனது. அனுமதி கேட்டேன், கிடைத்தது. ஆனால் ரேடியோ ஒலிபரப்பவில்லை. திரையில் 501. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறது, நிமிடத்துக்கு ஒருமுறை அதே 501.

எஸ்ஏஎஸ் உதவி மையத்தைக் கூப்பிட்டேன். "கருவியில் பிரச்சினை இருக்கலாம், விற்றவரிடம் பேசுங்கள்" என்றார்கள். விற்றவர் "சர்வர்காரர்களைக் கேளுங்கள்" என்றார். திரும்ப உதவி மையம். இந்த முறை எடுத்தவர் நான் சொன்ன எண்ணைக்கூடக் காதில் வாங்கவில்லை. "ஃபர்ம்வேர் அப்டேட் செய்து பாருங்கள்" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார். மணி ஐந்தரை. வெளிச்சம் போவதற்குள் கழற்றிவிடலாம் என்று கழற்றினேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்து, டல்லாஸில் இதே வேலையில் இருக்கும் கல்லூரி நண்பனுக்கு போன் போட்டேன். "501-ஆ? மச்சான், கழட்டிட்டியா? ஒரு ராத்திரி விட்டிருக்கணும்டா!" என்றான்.

விஷயம் இதுதான். எஸ்ஏஎஸ் நடத்துகிற நிறுவனங்கள் பல. ஒருவர் அனுமதித்த ரேடியோ இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் தினமும் ராத்திரி எல்லா சர்வர்களும் தங்கள் பட்டியலைப் பரிமாறிக்கொண்டு, மொத்தக் குறுக்கீட்டையும் கணக்குப் போடுகின்றன. குறிப்பாகக் கடலோரத்தில், புதிதாக வந்த ரேடியோ அந்தக் கணக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 501 என்றால் 'நிறுத்தி வைத்திருக்கிறோம், பொறு' என்று அர்த்தம். 500 வந்தால்தான் ரத்து, புதிதாகக் கேட்க வேண்டும். 400 வந்தால் குறுக்கீடு. வேறு அலைவரிசையோ குறைந்த சக்தியோ கேட்டுப் பாருங்கள். '501 என்றால் பொறு' என்ற ஒரு வரியை அந்த உதவி மையத்தில் யாராவது சொல்லியிருந்தால் போதும்.

இரண்டாவது பயணத்துக்கு முன்னால் நிரப்பியதை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. உயரம் 18 மீட்டர் என்று போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி 'கடல்மட்டத்திலிருந்து' என்று இருந்தது. பண்ணையின் தரையே கடல்மட்டத்துக்கு 11 மீட்டர் மேலே. ஆக, சர்வரின் கணக்கில் என் ஆன்டெனா தரையிலிருந்து வெறும் 7 மீட்டரில் நின்றிருக்கிறது. விதிப்படி உயரத்தில் 3 மீட்டருக்கு மேல் பிசகக்கூடாது. நான் 11 மீட்டர் பிசகியிருந்தேன், எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கையெழுத்து என்னுடையது. அது அப்படியே ஓடியிருந்தால், அதனால் வரும் குறுக்கீட்டுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று கழற்றியதில் கிடைத்த ஒரே லாபம் இதைப் பிடித்ததுதான்.

ஆன்டெனாவின் திசையும் அப்படித்தான். படிவம் கேட்பது உண்மை வடக்கிலிருந்து, அதாவது வரைபடத்தின் வடக்கிலிருந்து. போன் காம்பஸ் காந்த வடக்கைக் காட்டினால் அந்தப் பகுதியில் 10, 11 டிகிரி வித்தியாசம் வரும். அது போதாதென்று எங்கள் சைலோ இரும்பு. அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் முள் ஒரு பக்கம், ஐம்பது அடி தள்ளிப் போய்ப் பார்த்தால் வேறு பக்கம். காம்பஸைப் பையில் போட்டுவிட்டு, பம்ப் ரூமுக்கும் சைலோவுக்கும் வரைபடத்தில் கோடு இழுத்துத் திசையை எடுத்தேன். அதுதான் சரியாக வந்தது.

அடுத்த புதன்கிழமை மறுபடி ஏற்றினேன். புதுக் கையெழுத்து, புதுப் பதிவு, இரண்டு மணிக்கெல்லாம் அனுமதி, உடனே 501. இந்த முறை கைவைக்கவில்லை. பக்கத்து மோட்டலில் அறை எடுத்துப் படுத்தேன். விடியற்காலை பண்ணைக்காரர் கூப்பிட்டார்: "கிடங்கில் டிகிரி தெரிகிறது!" படுக்கையில் இருந்தபடியே லேப்டாப்பைத் திறந்தேன். 501 போய் 0, அதாவது 'சரி', வந்திருந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் திடீரென்று நின்றது. மறுபடி 501. ஆனால் இந்த முறை காரணம் வேறு. நார்ஃபோக் கடற்படைத் தளம் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம்தான். கரையோர உணரிகள் கப்பல் ரேடாரைக் கண்டுபிடித்துச் சொன்னால் சர்வர் நம்மை நிறுத்தச் சொல்லும். சொன்ன 60 நொடிக்குள் ரேடியோ வாயை மூட வேண்டும். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அது அவர்கள் இடம். தவறு என்னுடையது: 3560 மெகாஹெர்ட்ஸைக் கேட்டு அதிலேயே பூட்டி வைத்திருந்தேன். கப்பல் ரேடார்களுக்கான பாதுகாப்பு 3550-க்கும் 3650-க்கும் நடுவில். கடலோரத்தில் வேலை செய்கிறவர்கள் முதலிலேயே அதற்கு மேலே இடம் இருக்கிறதா என்று சர்வரிடம் விசாரித்துவிடுங்கள். ஏலக்காரர்களும் 3650-க்கு மேல் வர முடியாது.

இப்போது 3660-இல் ஓடுகிறது. பாக்கி ஒன்றே ஒன்று. பேக்கிங் ஷெட்டில் கரண்ட் போய் மோடம் ஐந்து நிமிடம் படுத்தால், சர்வரோடு பேச முடியாமல் ரேடியோவும் ஒலிபரப்பை நிறுத்திவிடும். மோடத்துக்கு ஒரு யுபிஎஸ் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.